போக்கிமான் பயிற்சி: ஸ்டாட், ஐவி, ஈவி, நேச்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் 2002இல் ரூபி, சஃபையர் ஆட்டங்களோடு வந்து இன்றுவரை முதன்மைத் தொடரில் நிலைத்திருக்கும் முறைக்கு உரியவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களை வைத்தே. முந்தைய ஆட்டங்களில் மாறுகிற இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடமும் லெவல் 50 கார்ச்சாம்ப், நண்பரிடமும் லெவல் 50 கார்ச்சாம்ப். எண்கள் ஏன் ஒன்றாக இல்லை?

ஸ்டாட் என்பது போக்கிமானின் திறனைக் காட்டும் எண். மொத்தம் ஆறு: எச்பி (உயிர்), அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீடு. ஒரு ஸ்டாட்டின் எண்ணை ஐந்து விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது பேஸ் ஸ்டாட். இது இனத்துக்கு உரியது, எல்லாக் கார்ச்சாம்புக்கும் ஒன்றுதான். இரண்டாவது லெவல். மூன்றாவது ஐவி, அதாவது பிறக்கும்போதே ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் 0 முதல் 31 வரை விழும் எண். நான்காவது ஈவி, நீங்கள் கொடுக்கும் பயிற்சி. ஐந்தாவது நேச்சர், ஒரு ஸ்டாட்டை 10 சதவீதம் ஏற்றி இன்னொன்றை 10 சதவீதம் இறக்கும் குணம். இனமும் லெவலும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் கடைசி மூன்றில்தான்.

கேள்வி: சரியான சூத்திரம் என்ன?

எச்பி தவிர மற்ற ஐந்துக்கும்: பேஸை இரண்டால் பெருக்குங்கள். ஐவியைக் கூட்டுங்கள். ஈவியை நான்கால் வகுத்து அதையும் கூட்டுங்கள். வந்ததை லெவலால் பெருக்கி 100ஆல் வகுத்து, 5 கூட்டி, நேச்சரால் (1.1, 1 அல்லது 0.9) பெருக்குங்கள். ஒவ்வொரு படியிலும் தசமத்துக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட வேண்டும், அடுத்த எண்ணுக்கு ஏற்றக் கூடாது. கணக்கு பொருந்தவில்லை என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

கார்ச்சாம்பின் ஸ்பீடு பேஸ் 102. ஐவி 31, ஈவி 252, ஜாலி நேச்சர், லெவல் 50 என்று வையுங்கள். 204 + 31 + 63 = 298. பாதி 149. ஐந்து கூட்டினால் 154. அதை 1.1ஆல் பெருக்கினால் 169.4, ஆக 169.

எச்பிக்கு நேச்சர் கிடையாது. கடைசியில் 5க்குப் பதிலாக லெவலையும் 10ஐயும் கூட்ட வேண்டும். அதே கார்ச்சாம்ப் (பேஸ் எச்பி 108, ஈவி 0): 216 + 31 = 247, பாதி 123, அதோடு 60 சேர்த்தால் 183. ஷெடிஞ்சா மட்டும் விலக்கு. அதன் எச்பி எந்த லெவலிலும் 1தான்.

கேள்வி: ஐவி 31 இல்லையென்றால் அந்தப் போக்கிமான் வீணா?

இல்லை. ஐவியைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. ஆன்லைன் தரவரிசைப் போட்டிகள் எல்லாரையும் லெவல் 50க்குக் கொண்டுவந்தே நடக்கின்றன. அந்த லெவலில் ஐவி 0க்கும் 31க்கும் இடையே உள்ள வித்தியாசம், நேச்சர் சேராத நிலையில், 15 அல்லது 16 புள்ளி. ஈவியோ 32 புள்ளிவரை தரும். 29க்கும் 31க்கும் இடையே ஒரே ஒரு புள்ளி. ஈவி போடாத ஸ்டாட்டில் 30ம் 31ம் லெவல் 50இல் ஒரே எண்ணைத்தான் காட்டும், மேலே சொன்ன வெட்டுதலே காரணம்.

ஸ்பீடு மட்டும் வேறு கதை. அங்கே ஒரு புள்ளி குறைந்தால் முதலில் அடிப்பது எதிராளி. அதனால் வேகத்தை நம்பும் போக்கிமானுக்கு ஸ்பீடு ஐவி 31 அவசியம். மற்றவற்றில் 26க்கு மேல் இருந்தால் கதையை முடிக்கவும் ரெய்டுகளில் ஆடவும் தாராளம்.

கேள்வி: ஐவியை எங்கே பார்ப்பது?

கதை முடிந்த பிறகு, போக்கிமான்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் ஜட்ஜ் வசதி திறக்கும். அது எண்ணைச் சொல்லாது, சொல்லால் சொல்லும். ‘பெஸ்ட்’ என்றால் 31. ‘ஃபென்டாஸ்டிக்’ 30. ‘வெரி குட்’ 26 முதல் 29. ‘பிரிட்டி குட்’ 16 முதல் 25. ‘டீசென்ட்’ 1 முதல் 15. ‘நோ குட்’ என்றால் 0. பாட்டில் கேப் (ஐவி குறையை ஈடுகட்டும் பொருள்) கொடுத்த ஸ்டாட்டில் ‘ஹைப்பர் டிரெய்ன்ட்’ என்று வரும்.

கேள்வி: பாட்டில் கேப் கொடுத்தால் ஐவி நிஜமாகவே 31 ஆகிவிடுமா?

ஸ்டாட் கணக்கில் 31 போல நடத்தப்படும், அவ்வளவுதான். உள்ளே பழைய எண் அப்படியே இருக்கும். முட்டை போட வைத்தால் குட்டிக்குப் போவதும் அந்தப் பழைய எண்தான். சாதா பாட்டில் கேப் ஒரு ஸ்டாட்டுக்கு, தங்க பாட்டில் கேப் ஆறுக்கும். ஸ்கார்லெட், வயலட்டில் லெவல் 50 ஆனால் போதும். சோர்டு, ஷீல்டில் 100 வேண்டும்.

கேள்வி: எந்த நேச்சர் எடுப்பது?

மொத்தம் 25 நேச்சர். அவற்றில் ஹார்டி, டோசைல், சீரியஸ், பேஷ்ஃபுல், குவர்க்கி ஆகிய ஐந்தும் எதையும் மாற்றாது. மிச்சமுள்ள இருபதில் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது சிலதான். பயன்படுத்தாத அட்டாக்கைக் குறைப்பதே அடிப்படை விதி.

உடல்ரீதியாக அடிப்பவற்றுக்கு அடமண்ட் (அட்டாக் கூடும்) அல்லது ஜாலி (ஸ்பீடு கூடும்). இரண்டிலும் குறைவது ஸ்பெஷல் அட்டாக். ஸ்பெஷல் தாக்குதல்காரர்களுக்கு மாடெஸ்ட் அல்லது டிமிட். குறைவது அட்டாக். தாங்கி நிற்பவற்றுக்கு போல்ட் அல்லது இம்பிஷ் டிஃபென்ஸை ஏற்றும், காம் அல்லது கேர்ஃபுல் ஸ்பெஷல் டிஃபென்ஸை ஏற்றும். டிரிக் ரூம் (மெதுவானவை முதலில் அடிக்கும்படி வரிசையைத் திருப்பும் உத்தி) அணிக்கு பிரேவ், குவைட். இவை ஸ்பீடைக் குறைக்கும், அங்கே அதுதான் வேண்டும்.

நேச்சர் தவறாக இருந்தால் போக்கிமானை மாற்ற வேண்டாம், மின்ட் கொடுங்கள். சோர்டு, ஷீல்டு முதல் இந்த வசதி உண்டு. சம்மரி பக்கத்தில் பழைய நேச்சரின் பெயர்தான் தெரியும், ஸ்டாட்டுகள் புதியதன்படி மாறும். முட்டைக்குப் போவது பழையதே.

கேள்வி: ஈவி என்பது சரியாக என்ன? வரம்பு எவ்வளவு?

ஒவ்வொரு எதிரியைத் தோற்கடிக்கும்போதும் அது குறிப்பிட்ட ஸ்டாட்டுக்கு 1 முதல் 3 ஈவி தரும். ஒரு ஸ்டாட்டுக்கு அதிகபட்சம் 252, ஆறுக்கும் சேர்த்து 510. நான்கு ஈவிக்கு லெவல் 100இல் ஒரு புள்ளி. இரண்டு ஸ்டாட்டை நிரப்பினால் 504 போகும். மிச்சம் 6, அதில் 4தான் கணக்கில் வரும். ஆகவே உண்மையில் பயன்படுவது 508.

ஸ்கார்லெட், வயலட்டில் சம்மரியின் ஸ்டாட் பக்கத்தில் எல் பட்டனை அழுத்தினால் ஈவி வரைபடம் வரும். முழுதாக நிரம்பிய ஸ்டாட்டின் அருகே மின்னல் பொறிகள் தெரியும்.

கேள்வி: வேகமான வழி எது?

வைட்டமின். எச்பி அப் (எச்பி), புரோட்டீன் (அட்டாக்), அயர்ன் (டிஃபென்ஸ்), கால்சியம் (ஸ்பெஷல் அட்டாக்), ஸிங்க் (ஸ்பெஷல் டிஃபென்ஸ்), கார்போஸ் (ஸ்பீடு). ஒன்று 10 ஈவி. 25 கொடுத்தால் 250, இருபத்தாறாவது மிச்ச 2ஐ நிரப்பும். ஏழாம் தலைமுறை ஆட்டங்கள்வரை (சோர்டு, ஷீல்டு எட்டாம் தலைமுறை) வைட்டமின் 100 ஈவியோடு நின்றுவிடும், மிச்சத்தைச் சண்டையிட்டே தேட வேண்டும். சோர்டு, ஷீல்டு அந்தத் தடையை எடுத்துவிட்டது.

இருபத்தாறாவதை வாங்கும் முன் ஒரு யோசனை: அந்த 2 ஈவிக்கு ஃபெதர் இரண்டு போதும். ஃபெதர் ஒன்று 1 ஈவி. பணத்துக்குப் பஞ்சம் இருந்தால் இருக்கிற வைட்டமினைக் கொடுத்துவிட்டு மீதியைச் சண்டையில் எடுங்கள். எதை முன்னால் செய்தாலும் பலன் ஒன்றே, ஆனால் வைட்டமினை முதலில் கொடுத்தால் மிச்சம் எத்தனை சண்டை என்று எண்ணுவது எளிது.

கேள்வி: சண்டையிட்டே எடுக்கிறேன். எதை அடிக்க வேண்டும்?

பல ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய சில: எச்பிக்கு சான்சி (2), அட்டாக்குக்கு மச்சாப் (1), டிஃபென்ஸுக்கு ஜியோடூட் (1), ஸ்பெஷல் அட்டாக்குக்கு காஸ்ட்லி (1), ஸ்பெஷல் டிஃபென்ஸுக்கு டென்டகூல் (1), ஸ்பீடுக்கு மேஜிகார்ப் (1).

வெறுங்கையோடு போனால் 252 மேஜிகார்ப் அடிக்க வேண்டும். பவர் பொருள் பிடித்திருந்தால் ஒவ்வொரு சண்டைக்கும் கூடுதலாக 8 வரும் (ஆறாம் தலைமுறைவரை 4). பவர் ஆங்க்லெட் ஸ்பீடுக்கு, வெயிட் எச்பிக்கு, பிரேசர் அட்டாக்குக்கு, பெல்ட் டிஃபென்ஸுக்கு, லென்ஸ் ஸ்பெஷல் அட்டாக்குக்கு, பேண்ட் ஸ்பெஷல் டிஃபென்ஸுக்கு. ஆங்க்லெட்டோடு ஒரு மேஜிகார்ப் 9 ஈவி. 28 அடித்தால் சரியாக 252. பவர் பொருள் பிடித்தவரின் வேகம் சண்டையில் பாதியாகும் என்பதை மறக்காதீர்கள். பலவீனமான குட்டியை முன்னால் நிறுத்தினால் அடி வாங்கும்.

போக்கிரஸ் தொற்று இருந்தால் இவை இரண்டு மடங்காகும். ஆனால் ஸ்கார்லெட், வயலட்டில் போக்கிரஸ் இல்லை.

கேள்வி: நான் ஸ்பீடு மட்டும்தான் பயிற்றுவித்தேன். அட்டாக்கிலும் டிஃபென்ஸிலும் ஈவி எப்படி வந்தது?

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். காரணம் பெரும்பாலும் எக்ஸ்பி ஷேர், அதாவது சண்டையின் பலனை அணி முழுவதற்கும் பகிரும் வசதி. புதிய ஆட்டங்களில் அதை அணைக்க முடியாது. அணியில் இருக்கும் ஆறும், களத்தில் இறங்காவிட்டாலும், முழு ஈவியைப் பெறும். கதையில் கொஞ்ச தூரம் கூட வந்த போக்கிமானின் ஈவி கலந்துகட்டி நிரம்பியிருக்கும். 510 எட்டிவிட்டால் அதன்பின் எத்தனை வைட்டமின் கொடுத்தாலும் ‘பயனில்லை’ என்ற பதில்தான். அந்தச் செய்தி வந்தால் ஆட்டத்தில் பிழை இல்லை, கொள்ளளவு தீர்ந்திருக்கிறது.

இன்னொரு வழி, பிடிப்பது. ஆறாம் தலைமுறை முதல் ஒரு போக்கிமானைப் பிடித்தாலும் தோற்கடித்ததைப் போலவே ஈவி சேரும்.

மூன்றாவது நுணுக்கமானது. ஆறு போக்கிமானுக்கும் வெவ்வேறு பவர் பொருளைக் கொடுத்து, எக்ஸ்பி ஷேரை நம்பி ஒரே நேரத்தில் பயிற்றுவிக்கிறார்கள். நல்ல உத்திதான். ஆனால் மேஜிகார்ப் அடித்தால் பிரேசர் பிடித்தவருக்கு அட்டாக் 8 வருவதோடு ஸ்பீடு 1ம் வரும். அட்டாக் 252 ஆக 32 சண்டை, அதற்குள் கேட்காத 32 ஸ்பீடு உள்ளே போய்விடும். இப்படிச் செய்வதானால், அணி முழுவதற்கும் தேவைப்படும் ஸ்டாட்டைத் தரும் எதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

ரேர் கேண்டியும் எக்ஸ்பி கேண்டியும் ஈவி தராது. லெவலை ஏற்றக் கேண்டியையே பயன்படுத்துங்கள், ஈவி சுத்தமாக இருக்கும்.

கேள்வி: தவறாகப் போன ஈவியை எடுக்க முடியுமா?

பெர்ரி கொடுக்கலாம். ஒவ்வொன்றும் 10 குறைக்கும்: பொமெக் எச்பி, கெல்ப்சி அட்டாக், குவாலட் டிஃபென்ஸ், ஹாண்டியூ ஸ்பெஷல் அட்டாக், கிரெபா ஸ்பெஷல் டிஃபென்ஸ், டமாட்டோ ஸ்பீடு. நட்பும் கூடும். ஸ்கார்லெட், வயலட்டின் டீல் மாஸ்க் விரிவாக்கம் இருந்தால் ஃபிரெஷ் ஸ்டார்ட் மோச்சி ஒன்று ஆறையும் ஒரேயடியாகப் பூஜ்ஜியமாக்கும். அது இருக்கும்போது பெர்ரிக்குத் திரிய வேண்டாம்.

கேள்வி: எப்போதும் 252, 252, 4 என்று போட்டால் போதாதா?

வேகமாக ஓடி அடிக்கும் போக்கிமானுக்குப் போதும். மற்றவற்றுக்கு அது சோம்பேறித்தனம், நல்ல புள்ளிகளை வீணாக்குகிறது. எண்ணை முதலில் முடிவுசெய்து அதற்குத் தேவையான ஈவியை மட்டும் போடுவதே பயிற்சியின் சாரம்.

லெவல் 50இல், ஐவி 31 இருக்கும்போது, முதல் புள்ளிக்கு 4 ஈவி, அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் 8. அதாவது பயனுள்ள படிகள் 4, 12, 20, 28 என்று போய் 252இல் முடியும். 16 போட்டால் 12க்குக் கிடைத்ததே கிடைக்கும், 4 வீண். 252, 252, 4 என்று வைத்தால் மொத்தம் 65 புள்ளி. ஆறு ஸ்டாட்டிலும் இந்தப் படிகளின்படி பிரித்தால் 66 கிடைக்கும், முதல் புள்ளி மலிவு என்பதால்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். சாரிசார்டின் ஸ்பீடு பேஸ் 100. முழு ஈவியும் டிமிட்டும் இருந்தால் லெவல் 50இல் 167. ஜாலி கார்ச்சாம்ப் 252இல் 169. சாரிசார்டைத் தாண்ட 168 போதும், அதற்கு 244 ஈவி. மிச்ச 8ஐ எச்பியில் போட்டால் ஒரு புள்ளி உயிர் கூடும். ஆனால் எதிரில் இன்னொரு கார்ச்சாம்ப் 169இல் நின்றால் அது முந்திவிடும். இந்த 8 ஈவி யாருக்கு எதிராக வேண்டும் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அடமண்ட் எடுத்தால் கார்ச்சாம்பின் ஸ்பீடு 154தான், அப்போது 167ஐத் துரத்துவதில் அர்த்தமே இல்லை.

நேச்சர் ஏற்றும் ஸ்டாட்டில் இன்னொரு பலன் உண்டு. பெருக்குவதற்கு முந்தைய எண் பத்தின் மடங்கைத் தொடும்போது ஒரே படியில் இரண்டு புள்ளி தாவும். ஜாலி கார்ச்சாம்ப் 212 ஈவியில் 163, 220இல் 165. 212இல் நிறுத்துவது நஷ்டம்.

தாங்கும் போக்கிமானில் வரம்பு வேறு. பிளிஸ்ஸியைப் பாருங்கள்: பேஸ் எச்பி 255, டிஃபென்ஸ் 10. லெவல் 50இல் எச்பிக்கு 252 போட்டால் 330 என்பது 362 ஆகும், பத்து சதவீதம்கூட இல்லை. அதே 252ஐ டிஃபென்ஸில் போட்டால் 30 என்பது 62. இரண்டிலும் கூடியது 32 புள்ளிதான், ஆனால் உடல் அடியைத் தாங்கும் திறன் இரண்டாவதில் இரட்டிப்புக்கும் மேல். எச்பி தாறுமாறாக உயர்ந்து டிஃபென்ஸ் தாழ்ந்திருக்கும் இனங்களுக்கு டிஃபென்ஸில் போடுங்கள். எச்பி தாழ்ந்து, டிஃபென்ஸ் இரண்டும் உயர்ந்திருந்தால் எச்பியில்.

கேள்வி: மிச்சமிருக்கும் 4 ஈவியை எச்பியில் போட்டுவிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். சாரிசார்ட் ஸ்டெல்த் ராக் (களத்தில் இறங்குபவரைக் குத்த எதிராளி பரப்பிவைக்கும் கற்கள்) மேல் இறங்கினால் எச்பியில் பாதி போகும். லெவல் 100இல் எச்பி ஈவி 0 இருந்தால் அதன் எச்பி 297. ஒரு தடவைக்கு 148 போகும், இரண்டு தடவை இறங்கினாலும் 1 மிஞ்சும். நான்கு ஈவி போட்டால் 298, தலா 149, இரண்டாவது தடவை காலி. கூட்டியதால் தோற்ற கதை. ராக்குக்கு நான்கு மடங்கு பலவீனமானவற்றுக்கு எச்பி ஒற்றைப்படையாக இருக்கட்டும், அந்த 4ஐ டிஃபென்ஸ் பக்கம் தள்ளுங்கள்.

கேள்வி: ஐவி 0 வேண்டுமென்று சிலர் தேடுகிறார்களே?

இரண்டு சந்தர்ப்பம். ஸ்பெஷல் தாக்குதல்காரருக்கு அட்டாக் 0 நல்லது, ஏனென்றால் ஃபவுல் பிளே என்ற தாக்குதல், அடி வாங்குபவரின் அட்டாக்கையே எடுத்து அடிக்கும், குழம்பித் தன்னையே அடித்துக்கொள்வதும் சொந்த அட்டாக்கின்படிதான். டிரிக் ரூமில் ஸ்பீடு 0 நல்லது. டோர்க்கோல் (பேஸ் 20) ஐவி 31, சாதா நேச்சர் என்றால் லெவல் 50இல் 40. ஐவி 0, குவைட் என்றால் 22. பாட்டில் கேப் ஏற்றுமே தவிர இறக்காது. தங்க கேப் கொடுத்தால் இந்த 0ம் போய்விடும், அதனால் தேவையான ஸ்டாட்டுகளுக்கு மட்டும் சாதா கேப் கொடுங்கள்.

கேள்வி: முட்டை வழியாக நல்ல ஐவி எடுப்பது எப்படி?

ஒரு பெற்றோரிடம் டெஸ்டினி நாட், மற்றவரிடம் எவர்ஸ்டோன். டெஸ்டினி நாட் இருந்தால் இரு பெற்றோரின் பன்னிரண்டு ஐவியிலிருந்து ஐந்து குட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் மூன்று. எவர்ஸ்டோன் பிடித்தவரின் நேச்சர் அப்படியே போகும். பெற்றோர் இருவருக்கும் ஆறும் 31 என்றால் குட்டிக்கு ஐந்து உறுதி, ஆறாவதுக்கும் 31 விழ 32இல் ஒரு வாய்ப்பு. டிட்டோ பெரும்பாலான இனங்களோடு முட்டை போடும் போக்கிமான், ஆறும் 31 உள்ள ஒன்றை வைத்திருந்தால் அந்த இனங்களுக்கு அதுவே போதும்.

கேள்வி: லெவல் 100 ஆன பிறகு பயிற்சி கொடுக்க முடியுமா? பரிணாமம் அடைந்தால் ஈவி போய்விடுமா?

ஐந்தாம் தலைமுறை முதல் லெவல் 100இலும் ஈவி சேரும், எண் உடனே மாறும். பரிணாமத்தில் பேஸ் மட்டும் மாறும். ஐவி, ஈவி, நேச்சர் மூன்றும் கூடவே வரும்.

கேள்வி: சண்டை நடக்கும்போது கூடும் ஸ்டாட்டும் இதில் சேருமா?

சேராது. அவை மேலே சொன்ன எண்ணின் மீது தற்காலிகமாகப் பெருக்கப்படுபவை. ஒரு படி ஏறினால் 1.5 மடங்கு, இரண்டு படி 2 மடங்கு, உச்சமான ஆறு படி 4 மடங்கு. ஒரு படி இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு. சாய்ஸ் ஸ்கார்ஃப் ஸ்பீடை 1.5 மடங்காக்கும், டெயில்விண்ட் 2 மடங்காக்கும், பாராலிசிஸ் ஏழாம் தலைமுறை முதல் பாதியாக்கும். ஈவி கணக்குப் போடும்போது இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கார்ஃப் மாட்டிய ஜாலி கார்ச்சாம்பின் 169 என்பது களத்தில் 253.

கேள்வி: ஸ்கார்லெட், வயலட்டில் ஒரு போக்கிமானைத் தொடக்கம் முதல் முடிவுவரை எந்த வரிசையில் தயார் செய்வது?

பிடித்ததும் எல் அழுத்தி ஈவியைப் பாருங்கள், ஏதாவது இருந்தால் மோச்சியாலோ பெர்ரியாலோ அழியுங்கள். எக்ஸ்பி கேண்டி கொடுத்து லெவல் 50க்கு ஏற்றுங்கள். ஜட்ஜில் பார்த்து, தேவையான ஸ்டாட்டுக்கு மட்டும் பாட்டில் கேப். பிறகு மின்ட். வேண்டிய ஸ்பீடு எண்ணைச் சூத்திரத்தில் போட்டு ஈவியைக் கண்டுபிடித்து, வைட்டமினில் பத்துப் பத்தாக ஏற்றி, உதிரியை ஃபெதரால் நிரப்புங்கள். 244 என்றால் 24 கார்போஸ், 4 ஸ்விஃப்ட் ஃபெதர். முடித்தபின் அந்தப் போக்கிமானைக் காட்டுச் சண்டைகளுக்குக் கூட்டிப்போகாமல் பெட்டியிலேயே விடுங்கள். 510 நிரம்பாமல் இடம் மிச்சமிருந்தால் எக்ஸ்பி ஷேர் அதைத் தன் விருப்பப்படி நிரப்பிவிடும்.